யார் பார்க்கலாம்?

தஞ்சாவூரிலிருந்து அம்மாபேட்டை, நீடாமங்கலம் வழியாகத் திருவாரூர் போகிற சாலையில் முகம் இல்லாத முச்சந்தியே கிடையாது. காதணி விழாக் குழந்தை கிருஷ்ணர் வேஷத்தில் சிரிக்கும். பக்கத்திலேயே கறுப்புக் கண்ணாடி போட்ட மாப்பிள்ளை; அவரைச் சுற்றி நண்பர்கள், ஆளுக்கொரு வட்டத்துக்குள். அதை ஒட்டி யாரோ ஒரு பெரியவருக்குக் கண்ணீர் அஞ்சலி. உயிரோடு இருப்பவர்களின் படத்தைப் பேனரில் போடக் கூடாது என்று 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. உத்தரவு வந்தது, பிளக்ஸ் போகவில்லை. விசேஷம் நடந்ததற்கு மொய் நோட்டு ஒரு சாட்சி என்றால் பிளக்ஸ் இன்னொரு சாட்சி.

ஆகவே முகத்தைக் காட்டக் கூச்சப்படுகிறவர்கள் என்று எங்களைச் சொல்லிவிட முடியாது. ஆனால் இதே ஊர்ப் பெண்பிள்ளைகளின் வாட்ஸ்அப் டிபியைப் பாருங்கள். செம்பருத்திப் பூ. வேளாங்கண்ணி மாதா. கொழுகொழுவென்று யாரோ ஒரு குழந்தை. பெரிய கோயில் விமானம், அதுவும் சாயங்கால வெளிச்சத்தில். என் போனில் உள்ள பெண்களின் பெயர்களை வரிசையாகத் தள்ளிக்கொண்டு போனால் நந்தவனத்துக்குள் போய் வந்தது மாதிரி இருக்கும். ஆண்கள் பக்கம் முகம் முகமாக இருக்கிறது. டிராக்டர் மேல் சாய்ந்த முகம், தலைவரோடு நிற்கிற முகம். இந்த வித்தியாசத்தை நாம் வித்தியாசமாகவே நினைப்பதில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். அவள் முகத்தை வேறோர் உடம்போடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். வீட்டார் போலீஸில் புகார் கொடுத்திருந்தும் அந்தப் படம் உடனே இறங்கவில்லை; இரண்டாவது படமும் வந்தது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பிறகு மன்னிப்புக் கேட்டார். அந்தச் செய்தி வந்தபோது டெல்டாவின் எத்தனையோ வீடுகளில் அப்பாக்கள் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: 'அந்த எழவை முதல்ல எடு.' படத்தை ஒட்டினவனைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை.

அடுத்த ஆண்டு, 2017 ஜூனில், ஃபேஸ்புக் ஒரு காவல் ஏற்பாட்டை இந்தியாவில் முதன்முதலாகச் சோதித்தது. அதைப் போட்டுக்கொண்டால் முகப்புப் படத்தைச் சுற்றி நீலக்கோடும் கேடயமும் வரும். மற்றவர்கள் படத்தை இறக்கிக்கொள்ள முடியாது, பகிர முடியாது. ஆண்ட்ராய்டு போனில் முடிந்த அளவு ஸ்கிரீன்ஷாட்டையும் தடுக்கும். இந்தியப் பெண்கள் பலர் பயத்தில் முகத்தையே போடுவதில்லை என்று கண்டதால் இதைச் செய்ததாகச் சொன்னார்கள். 2020 மே மாதம் 'புரொஃபைல் லாக்' வந்தது. நண்பராக இல்லாதவருக்கு உள்ளே இருப்பது எதுவும் தெரியாது, முகப்புப் படத்தைக்கூடப் பெரிதாக்க முடியாது. உலகத்திலேயே முதல் கேடயம் நமக்குத்தான் கிடைத்தது என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அதிகம் திருட்டுப் போகிற தெருவில்தானே முதலில் பூட்டு விற்பார்கள்.

வாட்ஸ்அப்பிலும் வழி உண்டு. நாம் மாற்றாதவரை, நம் எண் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் எல்லாருக்கும் டிபி தெரியும். எண் யாரிடம்தான் இல்லை? கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், நடவு மெஷின்காரர், ரீசார்ஜ் கடைப் பையன், ஜவுளிக்கடை பில் போட்ட கவுண்டர். அமைப்புகளுக்குள் போய் 'எல்லோரும்' என்பதை 'என் தொடர்புகள்' என்று மாற்ற அரை நிமிஷம் ஆகாது. எல்லா அம்மாக்களும் இதை இன்றைக்கே செய்துவிடலாம், பெண்ணிடம் கேட்டால் அவளே செய்து தருவாள்.

ஆனால் இந்தப் பூட்டுகளின் கதை முடிகிற இடத்தை என் அண்ணன் மகள்தான் எனக்குச் சொன்னாள். தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கிறாள். லாக், கேடயம், டேக் போட்டால் முதலில் என்னைக் கேள் என்ற ஏற்பாடு, எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கிறவள். ஒரு வளைகாப்புக்குப் போய்வந்த மறுநாள் முகம் தொங்கிக்கிடந்தது. என்னம்மா என்றேன்.

"நான் என் ஐடியை லாக் பண்ணியிருக்கேன் சித்தப்பா. அத்தை லாக் பண்ணலையே."

அத்தை நாற்பத்தேழு படங்களை ஒரே மூச்சில் ஏற்றியிருந்தார், எல்லோரும் பார்க்கலாம் என்று. பந்தியில் வாயைத் திறந்து சாப்பிடுகிற படத்திலிருந்து, வளையல் போட்டுக்கொள்ளக் கையை உயர்த்தின படம்வரை. கீழே முன்பின் தெரியாத ஒருவன் இதயம் போட்டிருக்கிறான். எடுக்கச் சொன்னால் அத்தைக்குக் கோபம். 'நல்லாத்தானே இருக்கே, கண்ணு படும்னா சுத்திப் போடறேன்' என்கிறார். அத்தையின் அன்பில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த அமைப்புகளைச் செய்த கம்பெனிக்காரர்களுக்கு ஒரு மனிதருக்கு ஒரு போன், ஒரு முகம் என்பதுதான் கணக்கு. வளைகாப்பும் மொட்டையும் காதுகுத்தும் கெடா வெட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை. இங்கே ஒரு பெண்ணின் முகம் அவள் போனில் இருப்பதைவிடச் சொந்தக்காரர்கள் போனில்தான் அதிகம் இருக்கிறது. 'யார் பார்க்கலாம்?' என்ற கேள்வியைப் போன் கேட்பது படம் ஏற்றுகிறவரிடம். படத்தில் இருப்பவளிடம் அல்ல.

பிளக்ஸும் இந்த ரகம்தான். ஒரு குறுவை அறுவடைச் சமயம் ஒரத்தநாடு பக்கம் நெல் கொள்முதல் நிலையம் ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். ஈரப்பதம் 17 சதவீதம் என்பது விதி. ஐப்பசி மழை விதியைப் படித்ததில்லை. சாலையோரம் நெல்லைக் கொட்டிக் காயவைத்து, மேகம் கறுத்தால் ஓடிவந்து படுதா போட்டு மூடுகிற பிழைப்பு. படுதா பற்றாத ஒரு குவியல் மேல் பழைய பிளக்ஸ் கிடந்தது. பட்டுப்பாவாடை, தலைகொள்ளாத பூ, பதிமூன்று வயது இருக்கும். மஞ்சள் நீராட்டு விழா. அவள் பெயர், தேதி, மண்டபம், அப்பா அம்மா பெயர், அவற்றைவிடப் பெரிய எழுத்தில் தாய்மாமன் பெயர். பெண்ணின் கன்னத்தில் மழைத்தண்ணீர் குளமாக நிற்க, அதில் நாலைந்து நெல் மிதந்துகொண்டிருந்தது. நான்கு மூலைக்கும் செங்கல்.

"யாருங்க இது?" என்று கேட்டேன்.

"எங்க அக்கா மவ சார். நாந்தான் தாய்மாமன், நான் அடிச்ச பிளக்ஸ்தான். இப்ப காலேஜ் படிக்குது. நல்ல கனமான சரக்கு, சொட்டுத் தண்ணி எறங்காது பாத்துக்கங்க."

அவருக்கு அது பெருமை. சீர்வரிசைத் தட்டு எத்தனை என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? ஆனால் அவளோடு எட்டாம் வகுப்பில் படித்த பையன்கள் அந்த வாரம் பூராவும் பள்ளிக்கூடம் போகிற வழியில் அதைப் பார்த்திருப்பார்கள். வகுப்பில் அவள் எந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பாள் என்று தாய்மாமனுக்குத் தோன்றியிருக்காது. தோன்ற வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொன்னதும் இல்லை. பிளக்ஸாவது ஒரு வாரம் கட்டிக்கிடந்து, அவிழ்ந்து, நெல்லுக்கோ மாட்டுக்கொட்டகைக்கோ போய்விடுகிறது. அதே பிளக்ஸைப் போனில் படம்பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டதற்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

இதைப் புதுக்காலத்துக் கேடு என்று மட்டும் சொல்லிவிட மாட்டேன். கி.பி. 1014 வாக்கில் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொண்டுவந்து குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பட்டியல் அந்தக் கோயில் சுவரிலேயே இருக்கிறது. பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், இங்கே எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு. ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது நூறு கலம் நெல். கல்வெட்டு ஆராய்ச்சிக்கு இது பெரும் பொக்கிஷம், மறுக்கவில்லை. ஆனால் நானூறு பெண்களின் வீட்டு விலாசம் போகிறவர் வருகிறவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கல்லில் வெட்டப்பட்டு ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. அவர்கள் சம்மதத்தை, அரசாணை ஓலைகளைக் கவனித்த ஓலைநாயகம் கேட்டு எழுதியிருப்பார் என்று நான் நம்பவில்லை. நல்லவேளை, முகம் செதுக்கவில்லை.

முகத்தை வெட்டி ஒட்டுகிற வேலையும் பழசுதான். டெல்டாவின் பழைய ஸ்டுடியோக்களில் அதை ஒரு கலையாகவே செய்தார்கள். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று காலமெல்லாம் ஒளிந்த பாட்டி செத்துப்போன பிறகு, யார் கல்யாணத்திலோ கூட்டத்தின் ஓரத்தில் சிக்கின முகத்தை வெட்டியெடுத்து, பிரஷ்ஷால் ஜரிகைக் கரை போட்டு, முப்பது வருஷம் முந்திப் போன தாத்தாவின் பக்கத்தில் உட்காரவைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டுக் கூடத்திலும் அப்படி ஒரு தம்பதி மாட்டியிருக்கிறார்கள். தாத்தாவின் கோட் எந்தக் காலத்திலும் அவருடையதாக இருந்ததில்லை. அந்த வித்தைக்குக் கை தேர்ந்த ஆள் வேண்டும், நாள் கணக்காகும், கேட்டு வருகிறவர் வீட்டு மனுஷராக இருப்பார். இன்றைக்கு ஆளே வேண்டாம். 2025 செப்டம்பரில் செயற்கை நுண்ணறிவிடம் தங்கள் படத்தைக் கொடுத்துப் பழைய சினிமாப் புடவையில் தங்களைப் பார்த்துக்கொண்டவர்கள் நாடெங்கும் எத்தனை பேர்! புடவை கட்டத் தெரிந்த மெஷினுக்கு அதை உருவவும் தெரியும் என்பதை அந்த மகிழ்ச்சியில் யாரும் யோசிக்கவில்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1994இல் நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், தன்னைத் தன்பாட்டில் விடச் சொல்வது ஒரு மனிதரின் உரிமை என்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பெழுதினார்கள். நிர்வாணப் படம், ஒட்டுப்படம் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்று 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்லின. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் வீட்டுக் காரியமாக, சொந்தத் தேவைக்காகத் தனிமனிதர் செய்கிறதை அது தொடாது. அத்தையின் வளைகாப்பு ஆல்பத்துக்குள் அந்தச் சட்டம் நுழையாது என்றுதான் நான் படித்துப் புரிந்துகொள்கிறேன். நுழையவும் வேண்டாம். அத்தையைக் கோர்ட்டுக்கு இழுக்கிற குடும்பத்தில் அடுத்த விசேஷம் நடக்காது.

சட்டத்தைக் காக்க வேண்டியவர்களே காட்டிக்கொடுத்ததும் உண்டு. 2019இல் பொள்ளாச்சிப் பாலியல் கொடுமையில் துணிந்து புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல் அதிகாரி வெளியே சொன்னார். அரசாணையிலும் பெயர் அச்சாகி வந்தது. அந்த மார்ச் மாதமே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க அரசுக்கு உத்தரவிட்டது. ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது 2025 மே 13 அன்று. அந்தப் பெண் தன் போனில் எந்தப் பூட்டைப் போட்டிருந்தால் தன் பெயர் வெளியானதைத் தடுத்திருக்க முடியும்? 'பெண்பிள்ளைகள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்' என்று மேடையில் பேசுகிறவர்களிடம் எனக்கு இருக்கிற சண்டை இதுதான். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவர்கள் அவளுடைய படத்தையும் பெயரையும் கையில் வைத்திருப்பவர்கள்.

தை பிறந்தால் மண்டபம் கிடைக்காது. இப்போதே வீடியோக்காரருக்கு முன்பணம் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொரோனாவுக்குப் பிறகு எல்லாக் கல்யாணமும் யூடியூபில் நேரலை. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகள் தாலி கட்டுவதைப் பார்க்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் அது 'பப்ளிக்'காகப் போனால், கூடத்தில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தங்கச்சியும் ஊர் உலகத்துக்கெல்லாம் போகிறாள், ஸ்டுடியோவின் விளம்பரமாக வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கிறாள். 'அன்லிஸ்டட்' என்று ஒன்று இருக்கிறது. லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கலாம். அதில் போடுங்கள், ஒரு மாதத்தில் எடுத்துவிடுங்கள், எங்களைக் கேட்காமல் உங்கள் பக்கத்தில் ரீல்ஸ் போடாதீர்கள் என்று பேசும்போதே சொல்லிவிடுங்கள். வளையல் போட்ட கையோடு படம் ஏற்றுகிற அத்தைகளும் மாமாக்களும், படத்தில் இருக்கிற பிள்ளையிடம் 'போடட்டுமா?' என்று ஒரு தரம் கேளுங்கள். சின்னப் பிள்ளைதானே என்று நினைக்காதீர்கள், பத்து வயதில் அதற்குப் பதில் சொல்லத் தெரியும்.

மீறி ஏதாவது நடந்துவிட்டால்: படத்தையும் அதன் லிங்கையும் சாட்சிக்கு எடுத்து வைத்துக்கொண்டு 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் எழுதுங்கள். பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாரைப் பெயர் சொல்லாமலே அங்கே கொடுக்கலாம். பதினெட்டு வயது தாண்டியவர்களின் அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க ஸ்டாப்என்சிஐஐ என்ற தளம் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது. படம் நம் போனைவிட்டு வெளியே போகாது, அதன் அடையாளக் குறி மட்டும்தான் போகும். இதையெல்லாம் அவளோடு பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். 'நீ ஏன் போட்டோ போட்டாய்?' என்று மட்டும் அவளிடம் கேட்காதீர்கள்.