உறை கிழியல, பயம் போகல

ஆணுறை போட்டிருந்தோம். அது கிழியல, கழரவும் இல்ல. ஆனாலும் அதற்குப் பிறகு மூன்று கிழமை நான் சரியாகத் தூங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் தொண்டை கட்டியது. மழை நேரத்தில் கலஹாவில் யாருக்குத்தான் தொண்டை கட்டாது? லயத்தில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் அது எச்.ஐ.வி.யாகத் தெரிந்தது. போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு அறிகுறிகளைத் தேடினேன். தேடத் தேட, இல்லாத அறிகுறியும் வந்து சேர்ந்தது.

நேராகவே சொல்கிறேன். ஆணுறையைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை சரியாகப் போட்டிருந்து, அது கிழியாமலும் இருந்தால், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. காய்ச்சலும் தொண்டை நோவும் நூறு காரணத்தால் வரும். அதை வைத்து 'இருக்கு', 'இல்ல' என்று யாராலும் சொல்ல முடியாது. பரிசோதனைதான் சொல்லும்.

பிறகு ஏன் இவ்வளவு பயம்? நான் பயந்தது வைரஸுக்கு மட்டும் இல்லை. அம்மாவுக்குத் தெரிந்தால்? கிளினிக் வாசலில் தெல்தோட்டை பஸ்ஸில் வாற யாராவது பார்த்துவிட்டால்?

அந்தப் பயம் சும்மா வந்ததும் இல்லை. 2016இல் குளியாப்பிட்டியப் பக்கம் ஒரு ஆறு வயதுப் பையன். அவனுடைய அப்பா எயிட்ஸில் செத்தார் என்று ஒரு கதை பரவியது. பையனுக்கு எச்.ஐ.வி. இல்லை. அப்படியிருந்தும் பள்ளிக்கூடங்கள் அவனைச் சேர்க்கவில்லை. சேர்த்த இடத்தில் மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் இடம் கொடுத்தது கண்டி திரித்துவக் கல்லூரி. இல்லாத வைரஸுக்கே இந்தப் பாடு!

நான் கண்டியிலுள்ள அரசாங்கப் பாலியல் நோய் கிளினிக்குக்குப் போனேன். காசு இல்லை, விபரம் வெளியே போகாது. "எத்தனை நாள் மல்லி?" என்றுதான் கேட்டார்கள். யாரோடு, ஏன் என்றெல்லாம் யாரும் குடையவில்லை.

நாள்தான் முக்கியம். உறை கிழிந்திருந்தால் 72 மணித்தியாலத்துக்குள் போக வேண்டும். தேவையென்றால் 28 நாள் தடுப்பு மருந்து தருவார்கள். இரத்தம் எடுத்து ஆய்வுகூடத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை 45 நாளில் தெளிவாகச் சொல்லிவிடும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் உடனடிப் பரிசோதனைக்கு மூன்று மாதம் வரை பொறுக்க வேண்டும்.

எனக்கு 'இல்லை' என்று வந்தது. 'இருக்கு' என்று வந்திருந்தாலும் வாழ்க்கை முடிந்திருக்காது. இன்று மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தே இருந்தால், உடலுறவில் அது அடுத்தவருக்குத் தொற்றாது. தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனமே சான்று கொடுத்தது. மருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நம்ம வாய்தான் இன்னும் வரவில்லை.

போன மாதம் ஒரு கூட்டாளி இரவு இரண்டு மணிக்கு மெசேஜ் போட்டான்: "மச்சான், ஒடம்பெல்லாம் சூடா இருக்குடா." எனக்கு உடனே விளங்கியது. "நாளை எண்ணு, கூகிள மூடு. கண்டிக்கு நானும் வாறேன்" என்று எழுதினேன்.