தொகுதியும் பகுதியும்

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலை காட்டல. இது கொஞ்சம் கணக்குப் பதிவு. பயப்பட வேணாம், பின்னத்துல மேல இருக்கறது தொகுதி, கீழ இருக்கறது பகுதின்னு வாத்தியார் சொல்லிக் குடுத்தது ஞாபகம் இருந்தா போதும்.

அமெரிக்காவுல இருக்கற நம்மாளுங்க வீடு தேடும்போது ஒரு வார்த்தையக் கேட்டா முகம் சுருங்கும். 'டைட்டில் ஒன் ஸ்கூல்.' கூட வேலை செய்யற அண்ணன் ஒருத்தர் (பேரு வேணாம், அவரும் இதப் படிப்பாரு) பொண்ண கிண்டர்கார்டன் சேக்கணும்னு நியூஜெர்சியில வீடு பாத்துட்டு இருந்தார். ஒரு அபார்ட்மெண்ட் வாடகை, ரயில் ஸ்டேஷன், இந்தியன் கடைன்னு எல்லாத்துலயும் பொருந்தி வந்துது. வேணாம்னுட்டார். ஏண்ணேன்னா, "அந்த ஸ்கூலு டைட்டில் ஒன்னாம்டா, உங்கண்ணி கேட்டதுமே பயந்துட்டா"ன்னார். ஏதோ பெயிலான ஸ்கூலுக்கு கவர்மெண்ட் குத்தற முத்திரை மாதிரி! எனக்கும் அது என்னன்னு முழுசா தெரியாது. ஒரு வாரக்கடைசி உக்காந்து படிச்சேன்.

1965 ஏப்ரல் 11-ம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்து போட்ட கல்விச் சட்டத்தோட முதல் பாகம்தான் இந்த டைட்டில் ஒன். டெக்சாஸ்ல தான் சின்ன வயசுல படிச்ச ஓரறைப் பள்ளிக்கூடத்துக்கே போய், தன்னோட முதல் டீச்சரைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு கையெழுத்து போட்டார். மனுஷன் 1928-ல காட்டுல்லாங்கற ஊர்ல மெக்சிகன் வம்சாவளிப் பசங்களுக்கு வாத்தியாரா இருந்தவர். ஏழைப் பசங்க அதிகமா இருக்கற பள்ளிக்கூடங்களுக்கு மத்திய அரசு கூடுதலா பணம் தரணும், அவ்ளோதான் சட்டம். இப்ப வருஷத்துக்கு 1,800 கோடி டாலருக்கு மேல. ஆக அந்த முத்திரை வாத்தியார்கள் லட்சணத்தைச் சொல்றதில்ல. அக்கம்பக்கத்து வீடுகள்ல சம்பளம் கம்மின்னு சொல்லுது, அவ்ளோதான்.

சரி, பணம் யாருக்கு? நேரா பள்ளிக்கூடத்துக்குப் போகாது. மாநில அரசு வழியா ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்குப் போகும். நம்மூர் மாவட்டம் மாதிரி இல்ல இது. நாடு முழுக்க சுமார் 13,000 இருக்கு, நியூஜெர்சியில மட்டும் ஐநூறுக்கு மேல. நம்மூர் டவுன் பஞ்சாயத்து சைஸ்ல கூட உண்டு. எந்த டிஸ்ட்ரிக்ட்டுக்குத் தகுதின்னு முடிவு பண்றது ஒரு இஃப் கண்டிஷன். (பொட்டி தட்டறவனுக்கு இத விட சந்தோஷம் உண்டா!) அங்க 5 முதல் 17 வயசு வரைக்கும் உள்ள ஏழைப் பசங்க குறைஞ்சது 10 பேர் இருக்கணும், அந்த வயசுப் பசங்க மொத்தத்துல அவங்க 2 சதவீதத்துக்கு மேல இருக்கணும். சரியா 2 இருந்தா போதாது, தாண்டணும். இது அடிப்படை மானியம். இதுக்கு மேல இன்னும் மூணு மானியம் இருக்கு. ஒண்ணுக்கு 15 சதவீதத்தைத் தாண்டணும், இல்லன்னா 6,500 ஏழைப் பசங்களுக்கு மேல இருக்கணும். மத்த ரெண்டுக்கும் 5 சதவீதம்.

இப்ப பகுதிக்கு வருவோம். ஒரு டிஸ்ட்ரிக்ட்ல அந்த வயசுப் பசங்க 4,000 பேர், அதுல ஏழைகள் 84 பேர்னு வைங்க. 2.1 சதவீதம், தகுதி உண்டு. அங்க ஸ்கூல் நல்லா இருக்குன்னு கேள்விப்பட்டு நம்மள மாதிரி ஆளுங்க குடும்பத்தோட குடியேறி, இன்னும் 300 பசங்க சேர்றாங்க. சென்சஸ் கணக்குல விசா எல்லாம் பாக்க மாட்டாங்க, எல்லாரும் தலைதான். 84-ஐ 4,300-ஆல வகுங்க. 1.95. அந்த 84 பேர்ல ஒருத்தர் வீட்லயும் ஒரு டாலர் கூடல, ஆனா டிஸ்ட்ரிக்ட் வெளிய போயிடுச்சு. கீழ இருக்கற எண்ணை ஏத்தினது நாமதான்.

இது எனக்கு வெறும் கணக்காத் தோணாததுக்குக் காரணம் எங்க ஆபீஸ் கேன்டீன்ல வேலை செய்யற ஒரு அம்மா. எல் சால்வடார்லேர்ந்து வந்தவங்க. பையன் ஸ்கூலுக்காகவே வசதியான டிஸ்ட்ரிக்ட் ஒண்ணுல, ஒரு வீட்டு பேஸ்மெண்ட்ல வாடகைக்கு இருக்காங்க. அவன் ரெண்டாவது படிக்கறான், வாசிப்புல பின்தங்கி இருந்தான். இப்ப தினமும் ஒரு டீச்சர் அவனையும் இன்னும் நாலஞ்சு பேரையும் தனியா கூட்டிட்டுப் போய் வாசிக்க வைக்கறாங்களாம். அந்தம்மா போன்ல அவன் எங்கிட்ட ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டினான். டீச்சரோட சம்பளம் டைட்டில் ஒன் பணத்துலேர்ந்து வருது, ஸ்கூல் அனுப்பின கடுதாசியில போட்டிருந்துது. அந்தம்மாவுக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது, மிஸ் வருவாங்கன்னு மட்டும் தெரியும்.

இதுல ஒரு வேடிக்கை. அவன் தொகுதியில இருக்கானான்னே சந்தேகம். வறுமைக்கோடு நாடு முழுக்க ஒரே கோடு. 1960-கள்ல சாப்பாட்டுச் செலவை மூணால பெருக்கிப் போட்டது, விலைவாசிக்குத் தகுந்தபடி ஏத்திக்கிட்டே வர்றாங்க. 2023-ல ரெண்டு குழந்தைகளோட நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 30,900 டாலர். மிசிசிப்பிக்கும் அதான், நியூஜெர்சிக்கும் அதான். அந்தம்மாவும் புருஷனும் ரெண்டு வேலை பாத்து அதத் தாண்டிருவாங்க. ஆனா இந்த மாதிரி ஸ்கூல்ல உதவி யாருக்குன்னு பாக்கும்போது வீட்டுச் சம்பளத்தைப் பாக்கறதில்ல, படிப்புல பின்தங்கினவனான்னுதான் பாக்கறாங்க. பணம் வர்றது ஏழைகளை எண்ணி, போறது எழுத்துக்கூட்டித் திணறுறவனுக்கு. சட்டம் எழுதினவங்க யோசிச்சு செஞ்ச இடம் இது.

யோசிக்காம செஞ்ச இடமும் உண்டு. 5 சதவீத மானியம் ரெண்டுல ஒண்ணுல ஏழைப் பசங்களுக்கு எடை போடுவாங்க. சதவீதம் அதிகமானா எடை கூடும், இல்ல மொத்த எண்ணிக்கை அதிகமானாலும் கூடும், எது பெருசோ அது. ஒரு எக்செல் போட்டுப் பாத்தேன். லட்சம் பசங்க உள்ள புறநகர் டிஸ்ட்ரிக்ட், அதுல ஏழைகள் 8,000, அதாவது 8 சதவீதம். ஒரு ஏழைப் பையனோட எடை சராசரியா 1.82. ரெண்டாயிரம் பசங்க உள்ள கிராமம், ஏழைகள் 400, அதாவது 20 சதவீதம். அங்க 1.17. கை எண்ணைத் தப்பா அடிச்சிருச்சோன்னு மறுபடியும் போட்டேன். அதே 1.17-தான்.

அண்ணன்கிட்ட இதெல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டார். "சரிடா, ஆனா என் பொண்ணு ஒருத்தி சேர்றதாலயா 2 சதவீதம் மாறப்போகுது? எனக்கு இருக்கறது ஒரு பொண்ணு, அவள வச்சு நான் பரிசோதனை பண்ண முடியாதுல்ல"ன்னார். அப்பனா அவர் சொல்றது நியாயம்தான், என்னால மறுக்க முடியல. ஆனா அண்ணி பயந்தது ஒரு பேரைக் கேட்டு, அந்த ஸ்கூலுக்குள்ள ரெண்டு பேரும் போய்க்கூட பாக்கல. அது எனக்கு இன்னும் உறுத்துது. அவங்க போனது வசதியான இன்னொரு டிஸ்ட்ரிக்ட்டுக்கு. பாப்பா இப்ப அங்க பகுதியில ஒண்ணு.

2025 மார்ச்ல கல்வித் துறையையே மூடப்போறோம்னு ஜனாதிபதி ஒரு உத்தரவு போட்டார். இந்த 2, 5, 15 எல்லாம் சட்டத்துல எழுதினது, அத மாத்தணும்னா காங்கிரஸ்தான் மாத்தணும். (அந்த காங்கிரஸ் இல்லீங்க!)

டிஸ்ட்ரிக்ட் வாரியான கணக்கை சென்சஸ்காரங்க வருஷா வருஷம் வெளியிடறாங்க. மூணு எண் இருக்கும்: மொத்த ஜனத்தொகை, 5-17 வயசுப் பசங்க, அதுல ஏழைகள். மூணாவதை ரெண்டாவதால வகுங்க. அந்தம்மா இருக்கற டிஸ்ட்ரிக்ட்டுக்கு 2.3 வருது. உங்க ஊருக்கு எவ்ளோன்னு பின்னூட்டத்துல போடுங்க.