ஞாயிறு மாலை ஆறரை மணி

சில வருஷங்களுக்கு முன் தோக்கியோவின் செதகாயா வட்டாரத்தில், தனியே வசித்துவந்த ஒரு மூதாட்டியின் வீட்டு மாடியில் இரண்டு மாதம் குடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணி ஆனதும், அந்த அம்மையார் கைவேலை எதுவாயினும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தொலைக்காட்சியின் முன் வந்து அமர்ந்து, என்னையும் சைகையால் அழைத்து, ஒரு கிண்ணம் தேநீரை என் பக்கம் நகர்த்துவார்.

அவர் பார்த்தது, 1969-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் தொடங்கி இன்றளவும் ஒளிபரப்பாகிவரும் 'சஸாயே-சான்' என்னும் அனிமே. அனிமே என்றதும் நம் மனத்தில் எழும் இயந்திர மனிதர்களும் வாள்வீரர்களும் இதில் கிடையாது. யுத்தம் முடிந்த மறு வருஷம், 1946-இல், ஃபுகுஓகா நகரத்துப் பத்திரிகை ஒன்றில் மச்சிகோ ஹசேகாவா என்ற இருபத்தாறு வயதுப் பெண்மணி நான்கு கட்டங்களில் வரையத் தொடங்கிய சித்திரக்கதையே இதன் மூலம். குடும்பத்தார் பெயர்களெல்லாம் கடலோடு தொடர்புடையவை. கதைத் தலைவி சஸாயே ஒரு கடல் நத்தை. தம்பி கட்சுவோ சூரை மீன். தங்கை வகமே கடற்பாசி. தாயார் ஃபுனே படகு. பெற்றோரும் மக்களும் பேரனுமாக மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின் கீழ், ஒரே தாழ்வான மேஜையைச் சுற்றி அமர்ந்து உண்கிறார்கள். அரை நூற்றாண்டாகியும் கட்சுவோ ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. கூடத்துக் கறுப்புத் தொலைபேசியும் இடம் பெயரவில்லை.

குடும்பத் தலைவர் நமிஹேய்க்கு வயது ஐம்பத்துநான்குதான் என்று அறிந்தபோது நான் திடுக்கிட்டேன்; வழுக்கைத் தலையின் உச்சியில் ஒற்றை முடியுடன் கிமோனோ அணிந்து திரியும் அவரை எழுபது வயதுக் கிழவர் என்றே எண்ணியிருந்தேன். ஐம்பத்தைந்தில் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெறுவது வழக்கமாயிருந்த காலத்து மனிதர் அவர் என்பது பிறகுதான் விளங்கிற்று. (செதகாயாவிலேயே உள்ள சகுரஷின்மச்சியில் நிறுவப்பட்ட அவருடைய சிலையிலிருந்து அந்த ஒற்றை முடியையும் யாரோ பிடுங்கிவிட, புதிதாக நட்டதையும் பிடுங்கினார்களாம்!)

சமூகத்தின் கண்ணாடி என்று இத்தகைய படங்களைச் சொல்வது சம்பிரதாயம். ஆனால் 2020-ஆம் வருஷக் குடிக்கணக்கின்படி ஜப்பானியக் குடும்பங்களில் நூற்றுக்கு 38 ஒற்றையாள் குடும்பங்கள் என்னும்போது, இந்தக் கண்ணாடி யாருடைய முகத்தைக் காட்டுகிறது? எதிரே நிற்பவர் முகத்தையன்று, என்றோ எழுந்து போய்விட்டவர்களின் முகத்தையே அது பிடிவாதமாகக் காட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றிற்று.

எனினும் அந்தப் பழைய வீட்டிலிருந்து புதிய சொற்கள் வீதிக்கு வந்திருக்கின்றன. பெண் வீட்டாருக்குத் தத்துப்போய் அவர்கள் குடும்பப் பெயரையே ஏற்கும் மருமகன் முறை அந்நாட்டில் புராதனமானது. சஸாயேயின் கணவன் மாஸுவோவோ தன் பெயரை விடாமலே மாமனார் வீட்டில் வாழ்கிறவன். அவ்வாறு வாழும் வீட்டோடு மாப்பிள்ளைகளை இப்போது ஊரே 'மாஸுவோ-சான்' என்கிறது. நிகழ்ச்சியின் முடிவுப் பாட்டைக் கேட்டதும், விடிந்தால் திங்கட்கிழமை, ஆபீசுக்குப் போகவேண்டுமே என்று நெஞ்சை அழுத்தும் சோர்வுக்கு 'சஸாயே-சான் நோய்' என்று பெயர்.

அம்மையாருக்குப் போகவேண்டிய ஆபீஸ் ஏதுமில்லை. பாட்டு முடிந்ததும் சஸாயே திரையில் தோன்றி, பார்ப்பவர்களோடு கல், காகிதம், கத்திரி விளையாட்டு ஒருமுறை ஆடுவாள். அம்மையாரும் குழந்தையைப் போல் கையை உயர்த்தி ஆடுவார். நான் இருந்த கடைசி ஞாயிறன்று அவர் காகிதம் காட்ட, அவள் கத்திரி காட்டிவிட்டாள். "தோற்றுவிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, இரண்டு கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.