ஒற்றை வாசல்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கூடைப்பந்து என்பது மாலைநேரப் பொழுதுபோக்கு அன்று. வட்டாரம் வட்டாரமாகக் கூட்டமைப்புகளாகப் பிரிந்து நிற்கும் பல்கலைக்கழக அணிகள் குளிர்காலம் முழுவதும் தமக்குள் மோதுகின்றன. மார்ச் மாதம் பிறந்ததும் தேசியப் போட்டி தொடங்குகிறது. இன்று அப்போட்டியில் 68 அணிகள் ஆடுகின்றன. 1974ஆம் ஆண்டிலோ 25 அணிகளுக்கே இடமிருந்தது. ஒரு கூட்டமைப்பிலிருந்து ஓர் அணிதான் செல்லலாம். இரண்டாவது அணி எவ்வளவு சிறந்ததாயினும் அதற்கு இடமில்லை.

அந்த ஓர் அணியைத் தேர்ந்தெடுப்பதில் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பு தனக்கென ஒரு வழக்கம் வைத்திருந்தது. பருவம் முழுவதும் பெற்ற வெற்றிகளைக் கணக்கிட்டு முதலிடம் பெற்ற அணியை அது அனுப்புவதில்லை. பருவத்தின் இறுதியில் ஒரே அரங்கில் அடுத்தடுத்த நாள்களில் தோற்றவர் விலகும் முறையில் ஒரு போட்டி நடத்தி, அதில் எஞ்சி நிற்கும் அணியையே வாகையராக அறிவித்தது. 1954 முதல் இவ்வழக்கம் இருந்துவந்தது. பார்ப்பவர்க்கு இதைவிடப் பரபரப்பான ஏற்பாடு வேறில்லை. ஆடுபவர்க்கோ நான்கு மாத உழைப்பு ஒரு மாலைப்பொழுதில் கரைந்துபோகக்கூடிய ஏற்பாடு. 1974 மார்ச் 9ஆம் நாள் வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில் அதுவே நிகழ்ந்தது.

மோதிய அணிகள் இரண்டு. ஒன்று ராலே நகரின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம். மற்றொன்று வாஷிங்டனுக்கு அருகிலுள்ள மேரிலாந்துப் பல்கலைக்கழகம். நாட்டின் தரவரிசையில் அப்போது முதலிடத்தில் இருந்தது ராலே அணி. மேரிலாந்து நான்காம் இடத்தில் இருந்தது. நாட்டின் முதல் நான்கு அணிகளுள் இரண்டு ஒரே கூட்டமைப்பில் பிறந்துவிட்டன, வாசலோ ஒன்றுதான்.

மேரிலாந்தின் பயிற்றுநர் சார்லஸ் டிரீசெல் இடக்கைப் பழக்கமுடையவர்; அதனால் 'லெஃப்டி' என்னும் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. 1969இல் பொறுப்பேற்றபோது, கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. அணிக்கு இணையான ஓர் அணியைக் கிழக்குக் கரையில் உருவாக்கப்போவதாக அவர் சொன்னார். அக்காலத்தில் யு.சி.எல்.ஏ. ஆண்டுதோறும் தேசிய வாகையைத் தன்னிடமே வைத்திருந்த அணி. ஆகவே அச்சொல் பலருக்கு வீம்பாகப் பட்டிருக்கலாம். ஆனால் ஐந்தாண்டுகளில் அவர் திரட்டிய வீரர்களைப் பார்த்தால் அது வெறும் வீம்பு அன்று எனத் தெரியும். டாம் மெக்மில்லன், லென் எல்மோர் என்னும் நெட்டையர் இருவர். அவர்களுக்குப் பந்தை அளந்து கொடுக்கும் இளைஞர் ஜான் லூக்கஸ். வேறு எந்தக் கூட்டமைப்பில் இருந்திருந்தாலும் இவ்வணி முதலிடம் பெற்றிருக்கும் என்று நினைக்க இடமுண்டு.

இருந்த இடம்தான் சிக்கல். ராலே அணியில் டேவிட் தாம்சன் இருந்தார். ஆறடி நான்கங்குல உயரமே உடைய அவர் துள்ளினால் ஏழடி வீரர்களின் கைகளுக்கு மேலே தெரிவார். பந்தை வளையத்துக்குள் அறைந்து செருகுவதைக் கல்லூரி ஆட்ட விதிகள் 1967இலிருந்து 1976 வரை தடை செய்திருந்தன. அதனால் ஐந்தடி ஏழங்குலமே உள்ள மான்டி டோ பந்தை வளையத்தின் அருகே உயரத் தூக்கி எறிய, தாம்சன் அந்தரத்தில் அதைப் பற்றி, தரையில் இறங்குமுன் மெல்லப் போட்டுவிடுவார். தடையே ஒரு புதுக்கலைக்கு வழிவகுத்தது எனலாம். இவ்விருவரோடு ஏழடிக்கு மேல் உயர்ந்த டாம் பர்ல்சனும் சேர்ந்தபோது அவ்வணியை வெல்வது அரிதாயிற்று.

1973ஆம் பருவத்தில் அவ்வணி ஆடிய 27 ஆட்டங்களிலும் வென்றது. ஆயினும் வீரர்களைச் சேர்த்ததில் விதிமீறல் கண்டறியப்பட்டதால் அவ்வாண்டு தேசியப் போட்டியில் ஆட அதற்குத் தடை இருந்தது. கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் 76-74 எனத் தோற்ற மேரிலாந்தே அதன் இடத்தில் சென்றது. அடுத்த ஆண்டில் அந்தத் தடையும் இல்லை. 1974இன் இறுதியாட்டத்திற்கு முன்பு, இரண்டு பருவங்களில் இவ்வணிகள் ஐந்து முறை மோதியிருந்தன. ஐந்திலும் தோற்றது மேரிலாந்து. அவற்றுள் இரண்டில் வேறுபாடு இரண்டே புள்ளி.

கிரீன்ஸ்பரோவில் மேரிலாந்து சோர்ந்த அணியாக வரவில்லை. முதல் நாள் டியூக் பல்கலைக்கழகத்தை வென்றது. மறுநாள் வட கரோலினா பல்கலைக்கழகத்தை 105-85 என்னும் கணக்கில் அடித்து வீழ்த்தியது. (ராலேயிலுள்ள மாநிலப் பல்கலைக்கழகமும் இதுவும் வெவ்வேறு நிறுவனங்கள், பெயர் ஒற்றுமை மயங்க வைக்கும்.) பருவத்தில் முதலிடம் பெற்றிருந்ததால் ராலே அணிக்கு முதல்நாள் ஓய்வு. மேரிலாந்துக்கு இறுதியாட்டம் மூன்று நாளில் மூன்றாவது ஆட்டம். அரங்கமும் எதிரணியின் சொந்த மாநிலத்தில், அதன் வளாகத்திலிருந்து சாலைவழி இரண்டு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய தொலைவில் இருந்தது.

இவ்வளவும் எதிராக இருந்தும் முதலில் பாய்ந்தது மேரிலாந்துதான். எறிந்த பந்தெல்லாம் வலைக்குள் இறங்கியது. பார்வையாளர்கள் இருக்கையில் அமர்ந்து முடிப்பதற்குள் 25-12 என முன்னிலை. நாட்டின் முதல் அணி பதின்மூன்று புள்ளிகள் பின்தங்கி நின்றது. ராலே அணி பதறாமல் ஒவ்வொன்றாகக் குறைத்து வந்தது. இடைவேளையில் மேரிலாந்து 55, ராலே 50.

அந்த மாலையில் பர்ல்சன் ஆடிய ஆட்டத்திற்குப் பின்னணி ஒன்று உண்டு. அவ்வாண்டு கூட்டமைப்பின் சிறந்த ஐவரைத் தேர்ந்தெடுத்தபோது நடுவாட்டக்காரருக்கான இடம் எல்மோருக்குக் கிடைத்தது. பர்ல்சன் இரண்டாம் வரிசைக்குத் தள்ளப்பட்டார். வாக்குச்சீட்டுக்கு விடை சொல்ல ஆடுகளத்தைவிடப் பொருத்தமான இடம் ஏது? எல்மோரின் எதிரிலேயே அவர் 38 புள்ளிகள் குவித்தார். 25 முறை எறிந்து 18 முறை வளையத்துக்குள் செலுத்தினார். 13 முறை, தவறித் திரும்பிய பந்தைக் கைப்பற்றினார். எல்மோர் மோசமாக ஆடினார் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. தடுப்பவர் தம் கடமையைச் செய்தபின்னும் கை உயர்த்திய பந்தெல்லாம் உள்ளே விழும் நாள் ஒன்று எறிபவர் சிலரின் வாழ்வில் வாய்க்கிறது. பர்ல்சனுக்கு வாய்த்த நாள் மேரிலாந்துக்கு வாய்த்த தீநாள் ஆயிற்று.

அக்கால விதிகளை நினைத்துப் பார்த்தால் அந்த ஆட்டத்தின் பெருமை இன்னும் விளங்கும். தொலைவிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்னும் விதி அன்று இல்லை. எவ்வளவு தொலைவிலிருந்து எறிந்தாலும் இரண்டே புள்ளி. இத்தனை நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்னும் வரையறையும் இல்லை. ஆகவே முன்னிலை பெற்ற அணி பந்தைத் தனக்குள் உருட்டிக்கொண்டே நேரத்தைக் கடத்தலாம். எவரும் தடுக்க இயலாது. இதே கூட்டமைப்பின் 1968ஆம் ஆண்டு அரையிறுதியில் இதே ராலே அணி அவ்வாறு ஆடி டியூக் அணியை 12-10 என வென்றிருக்கிறது! முழு ஆட்டத்திற்கும் இருபத்திரண்டு புள்ளிகள். அப்போதும் அதன் பயிற்றுநர் நார்ம் ஸ்லோன்தான். 1974இல் அத்தகைய தந்திரத்தை இரு தரப்பும் நாடவில்லை. வேகத்துக்கு வேகம், எறிக்கு எறி என நாற்பது நிமிடங்களும் ஓடித் தீர்த்தன. முடிவு மணி ஒலித்தபோது பலகையில் 97-97.

ஐந்து நிமிடக் கூடுதல் நேரம் தொடங்கியது. அதுவரை நிமிடத்துக்கு இரண்டு புள்ளிக்கும் மேலாகச் சேர்த்துவந்த மேரிலாந்து, அந்த ஐந்து நிமிடத்தில் சேர்த்தவை மூன்றே புள்ளிகள். ராலே அணி ஆறு. எண்களைப் பார்த்தால் திறமை வற்றியதுபோல் தோன்றும். உண்மையில் வற்றியது கால்கள்தாம். மூன்றாம் நாள், மூன்றாம் ஆட்டம், நாற்பது நிமிடத்துக்கு அப்பாலும் நீளும் ஓட்டம். களைத்த கால் துள்ளுவதில்லை. துள்ளாத உடலிலிருந்து புறப்படும் பந்து வளையத்துக்கு ஓரங்குலம் முன்பே தாழ்ந்துவிடுகிறது. 100-99 என ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது மேரிலாந்து. அப்போது டோ கொடுத்த பந்தை வளையத்தருகே பெற்று உள்ளே இட்டார் ஃபில் ஸ்பென்ஸ். ராலே அணியின் புகழ்பெற்ற மூவருள் ஒருவர் அல்லர் அவர். கடைசி நொடிகளில் தவறாட்டத்துக்காகக் கிடைத்த இரண்டு தனி எறிதல்களையும் டோ தவறவிடவில்லை. 103-100. களத்தில் நின்றவர்களுள் மிகக் குள்ளமானவர் ஆட்டத்தை முடித்து வைத்தார்.

வாகையர் தம் ஊர்தியில் ஏறிப் புறப்படக் காத்திருந்தபோது, அதன் படியேறி உள்ளே வந்தார் டிரீசெல். இரண்டு ஆண்டுகளில் ஆறாம் முறையாகத் தம்மைத் தோற்கடித்த இளைஞர்களிடம், அவர்களை எண்ணிப் பெருமைப்படுவதாகவும் தேசிய வாகையை அவர்கள் வென்று வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டு இறங்கினார். அவர் எளிதில் சமாதானம் ஆகும் மனிதர் அல்லர். பக்கக்கோட்டில் காலால் தரையை அறைந்து கத்துவதற்குப் பெயர்பெற்றவர். அப்படிப்பட்டவர் தோல்வியின் சூடு ஆறுமுன் எதிரணியின் ஊர்திக்கு நடந்து சென்றார் என்பதை, அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும் எவரும் இன்றுவரை சொல்லாமல் விடுவதில்லை.

ராலே அணி அவர் சொன்னபடியே செய்தது. அவ்வாண்டின் தேசிய அரையிறுதி நடந்த இடமும் அதே கிரீன்ஸ்பரோ அரங்கமே. அங்கே தொடர்ந்து ஏழாண்டுகள் வாகை சூடியிருந்த யு.சி.எல்.ஏ.வை இரண்டு முறை கூடுதல் நேரம் ஆடி 80-77 என வீழ்த்தியது. அடுத்து மார்க்கெட் பல்கலைக்கழகத்தை 76-64 என வென்று வாகை சூடியது. மேரிலாந்து வீரர்கள் இரண்டு வாரத்துக்கு முன் தாம் நின்ற தரையில் வேறு அணிகள் ஆடுவதைத் தொலைவிலிருந்து பார்த்திருக்கக்கூடும். தேசியப் போட்டிக்கு அடுத்த நிலையில் அக்காலத்தில் நியூயார்க்கில் நடந்துவந்த அழைப்புப் போட்டிக்கு அவர்களுக்கு அழைப்பு வந்தது. 1972இல் அதே போட்டியில் வாகை சூடிய அணி அது. இம்முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. உலகின் கண்ணுக்கு இது பிடிவாதமாகத் தெரியலாம்; ஆயினும் முதற்பந்தியில் அமரத் தகுதியுள்ளவரை இரண்டாம் பந்திக்கு அழைத்தால் அவர் எழுந்து போவதில் வியப்பில்லை.

ஒற்றை வாசல் முறை பிழையானது என்பதை இந்த ஓர் ஆட்டம்தான் உலகுக்கு உணர்த்தியது என்று சொல்வது மிகை. 1971இலேயே தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 26 ஆட்டங்களில் இரண்டே தோல்வி கண்டு, அவ்விரண்டும் யு.சி.எல்.ஏ.விடம் கண்டவை என்பதால், வீட்டில் இருக்க நேர்ந்தது. குறை முன்பே தெரிந்ததுதான். அதை மறைக்க முடியாதபடி ஆக்கியது கிரீன்ஸ்பரோ. 1975இல் தேசியப் போட்டி 32 அணிகளாக விரிந்தது. ஒரு கூட்டமைப்பிலிருந்து இரண்டாவது அணியும் செல்ல வழி பிறந்தது. 1980இல் அந்த இரண்டு என்னும் எல்லையும் நீக்கப்பட்டது.

மெக்மில்லனும் பர்ல்சனும் அதற்கு முன்பு ஒரே சட்டை அணிந்தவர்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில், சர்ச்சைக்குரிய கடைசி மூன்று நொடிகளில் சோவியத் அணியிடம் ஒரே புள்ளியில் தோற்று, வெள்ளிப் பதக்கத்தை ஏற்க மறுத்த அமெரிக்க அணியில் இருவரும் இருந்தனர். 1974க்குப் பின் மெக்மில்லன் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றார். பின்னாளில் மேரிலாந்திலிருந்து நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எல்மோர் ஹார்வர்டில் சட்டம் பயின்றார். டிரீசெல் 2018இல் கூடைப்பந்துப் புகழரங்கில் சேர்க்கப்பட்டார். ஆனால் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுக்குள் தம் அணியை அழைத்துச் செல்லும் வாய்ப்பு 2024இல் மறையும்வரை அவருக்குக் கிட்டவே இல்லை.

விதி மாறிய 1975ஆம் ஆண்டில், கூட்டமைப்பின் போட்டியில் மேரிலாந்து மறுபடியும் ராலே அணியிடமே தோற்றது, இம்முறை அரையிறுதியில். ராலே அணி இறுதியாட்டத்தில் வட கரோலினா பல்கலைக்கழகத்திடம் தோற்றது. வாகையர் என்ற முறையில் வட கரோலினா தேசியப் போட்டிக்குச் சென்றது. புதிதாகத் திறந்த இரண்டாவது இடம், பருவத்தில் முதலிடம் பெற்றிருந்த மேரிலாந்துக்குக் கிடைத்தது. மேரிலாந்து நாட்டின் கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாகும்வரை முன்னேறியது. நடப்புத் தேசிய வாகையரான ராலே அணி, தாம்சன் இருந்தும், அவ்வாண்டு மார்ச் மாதத்தில் வீட்டில் இருந்தது.