வாப்பாவின் பைனாகுலர்

சென்ற மாதம் உறவினர் ஒருவர் நம் இல்லத்திற்கு வந்திருந்தார். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் மகனிடம் பைனாகுலர் ஒன்று வாங்கி வரச் சொல்ல வேண்டும். எத்தனை ‘பவர்’ சொல்லலாம் என்று கேட்டார். “இருப்பதிலேயே பெரியதாகச் சொல்லிவிடட்டுமா, காக்கா?” என்று அவரே விடையையும் வைத்திருந்தார். வேண்டாம் என்று சொல்லி, காரணங்களையும் விளக்கி அனுப்பினோம். அவர் போன பிறகு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. நாமும் ஒரு காலத்தில் அதே ஆசை கொண்டிருந்தவர்தாம். அந்த ஆசையின் விலையை நாம் கொடுக்கவில்லை. நம் வாப்பா கொடுத்தார்கள்.

மர்ஹூம் வாப்பா பினாங்கில் நெடுநாள் கடை நடத்தியவர்கள். 1968-ஆம் ஆண்டு ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்திறங்கியபோது அவர்கள் தோளில் தோலுறையிட்ட பைனாகுலர் ஒன்று தொங்கிற்று. ஊர்ப் பெரியவர்கள் அதைத் ‘தூரதிருஷ்டிக் கண்ணாடி’ என்றார்கள். அதன் உடலில் 7×50 என்று பொறித்திருந்தது. முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண் முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். கப்பலோட்டிகள் விரும்பும் அளவு அது. மழைக்காலம் ஓய்ந்ததும் வாப்பா நம்மைத் தோப்புத்துறையிலிருந்து கோடியக்கரைக்கு அழைத்துச் செல்வார்கள். சேற்றுப் பரப்பில் வரிசை கட்டி நிற்கும் பூநாரைகளையும், சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே குளிர்காலத்தைக் கழிக்க வரும் கொசு உள்ளான்களையும் அந்த ஏழு மடங்கில்தான் நாம் முதன்முதலாகக் கண்டோம். பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயரை நாம் கேட்டதும் அந்தக் கரையில்தான். அவர் சார்ந்திருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுவதை வாப்பா காட்டித் தந்தார்கள்.

1986-இல் மச்சான் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து புதிய கருவி ஒன்றைக் கொண்டு வந்தார். 20×50! வில்லைகள் மாணிக்கம் போல் சிவந்து மின்னின. ஏழெங்கே, இருபதெங்கே என்று நாம் துள்ளினோம். “இனி அந்தப் பழையது எதற்கு வாப்பா?” என்று கேட்டு, அதைத் தோலுறையோடு பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டியதும் நாமே. முதல் நாள் கடற்கரையில் அது தூறலில் நனைந்திருந்தது. வாப்பா மறுமொழி ஒன்றும் கூறவில்லை.

1987 ஜனவரியில் புதியதை எடுத்துக்கொண்டு கோடியக்கரை சென்றோம். பூநாரைகள் இருந்தன, ஆனால் இளஞ்சிவப்பு நடுக்கம் ஒன்றுதான் தெரிந்தது. உருவத்தை இருபது மடங்கு பெருக்கும் கருவி கையின் நடுக்கத்தையும் இருபது மடங்கு பெருக்குகிறது. பத்துக்கு மேற்பட்ட பெருக்கத்தை வெறுங்கையால் அசையாமல் பிடிப்பவர் அரியர், முக்காலி வேண்டும். பார்வைப் பரப்பும் சுருங்கிவிடுகிறது. பறக்கும் ஆலாவைத் தேடிப் பிடிப்பதற்குள் அது கடலைத் தாண்டிவிடும்.

அதைவிடப் பெரிய குறை ஒளியில் இருந்தது. முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்குள் வந்து விழும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். வாப்பாவின் கருவிக்கு அது 7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நம்முடையதற்கு வெறும் இரண்டரை. இளைஞரின் கண்மணி இருளில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வரை விரியும். முதுமையில் 5 அளவோடு நின்றுவிடும். ஆகவே அந்தி மயங்கும் நேரத்தில் இருபது மடங்கு இருளைத்தான் காட்டும். இப்னுல் ஹைதம் தொலைநோக்கியைக் கண்டுபிடித்தார் என்று நம்மவர் சிலர் மேடையில் முழங்குவதுண்டு. அது சரியன்று. பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதால்தான் காண்கிறோம் என்பதை ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் அவர் நிலைநாட்டினார். அந்தப் பெருமையே போதுமானது; பைனாகுலர் வாங்குவோர் மறக்கக்கூடாத உண்மையும் அதுவே.

உறவினரிடம் நாம் சொன்னது இதுதான்: திறந்தவெளிக்கு 8×42 போதும்; கை உறுதியானவர் 10×42 வரை போகலாம். வில்லையில் விளக்கொளி பட்டுத் திரும்பும்போது மங்கிய ஊதாவோ பச்சையோ தெரிந்தால் ஒளி எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இருக்கிறது. வெள்ளையாகப் பளிச்சிட்டால் இல்லை. மாணிக்கச் சிவப்பு பெரும்பாலும் கடைக்காரர் அலங்காரம். கருவியைக் கையெட்டும் தூரத்தில் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துக் கண்பக்க வில்லையைப் பார்த்தால் சிறு ஒளிவட்டம் தெரியும். அது முழு வட்டமாக இல்லாமல் ஓரங்கள் சதுரமாக வெட்டுண்டிருந்தால் உள்ளிருக்கும் பட்டகம் மட்டமானது. பிறகு தொலைவிலுள்ள மின்கம்பி ஒன்றைப் பாருங்கள். கம்பி இரண்டாகப் பிரிந்தாலோ, சிறிது நேரத்தில் தலை வலித்தாலோ இரு குழல்களும் நேராக இல்லை என்று பொருள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர், கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே 15 மில்லிமீட்டராவது விலக்கம் கிடைக்கும் கருவியைக் கேட்டு வாங்க வேண்டும். நைட்ரஜன் அடைத்து நீர் புகாதவாறு மூடியவை இப்போது கிடைக்கின்றன. கடலோரத்தில் இருப்பவர் வேறு செலவைக் குறைத்தாவது அதை வாங்குவது நல்லது.

ஏன் என்பதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தோம்.

அதே 1987-ஆம் ஆண்டு மே மாதம், ரமலான் பிறை இருபத்தொன்பது. மொட்டைமாடியில் வீட்டார் எல்லோரும் கூடியிருந்தோம். மேற்கே சவுக்குத் தோப்புக்கு மேல் வானம் தெளிந்திருந்தது. கருவியால் கண்ட பிறையை ஏற்கலாமா என்பது ஆலிம்கள் பேச வேண்டியது. வாப்பா அதைப் பார்ப்பதன் இன்பத்துக்காகவே பார்ப்பார்கள். “அந்தப் பழையதை எடுத்து வா, தம்பி” என்றார்கள். பீரோவிலிருந்து கொண்டு வந்து கொடுத்தோம். வழக்கம்போல் முதலில் தொலைவிலிருந்த விளக்கொன்றைப் பார்த்துக் குவியத்தைத் திருத்த முயன்றார்கள். வெற்று வானத்தை வைத்துக் குவியம் அமைக்க இயலாதல்லவா? சூரியன் முழுதும் மறையும் வரை கருவியை மேற்கே உயர்த்தவும் இல்லை. பைனாகுலரில் சூரியன் ஒரு கணம் பட்டாலும் பார்வை பறிபோகும் என்பதை நமக்கு அடித்துச் சொல்லி வளர்த்தவர்கள் அவர்கள்.

மஃரிபுக்குப் பின் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் “அதோ!” என்று கூவினர். நாமும் வெறுங்கண்ணால் கண்டோம். வாப்பா வில்லையை இப்படியும் அப்படியும் திருப்பினார்கள். நெடுநேரம் பார்த்தார்கள். பின்பு மெல்லக் கருவியை இறக்கி நம் கையில் கொடுத்து, “கண் ஓய்ந்துவிட்டது, தம்பி. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்கள். அதன்பின் மாடிக்கு அவர்கள் ஏறவில்லை. ஆண்டு முடியுமுன் மறைந்தார்கள்.

மறு ஆண்டு ஒரு நாள் அந்தக் கருவியை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தோம். இரு குழல்களிலும் சிலந்தி வலை போல் பூஞ்சை படர்ந்திருந்தது. ஈரத்தோடு உறையிலிட்டு, ஒரு மழைக்காலம் முழுதும் காற்றுப்படாமல் பூட்டி வைத்ததன் பயன். அந்த அந்தியில் ஓய்ந்திருந்தது வாப்பாவின் கண்ணன்று. திண்ணையிலிருந்தபடியே, தெருமுனையில் வரும் பேருந்தின் பலகையைக் கடைசி வரை அவர்கள் படித்துச் சொன்னது அப்போதுதான் நம் நினைவுக்கு வந்தது.

சென்னையில் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தோம். ஒரு குழல் தெளிந்தது. மற்றொன்றில் பூஞ்சையின் அமிலம் பூச்சையே அரித்துவிட்டதால் தழும்பு நிலைத்துவிட்டது. நீங்களாகத் திருகைக் கழற்றித் துடைக்க முனைய வேண்டாம். பட்டகம் அசைந்தால் பார்வை இரண்டாகும்.

இப்போது நம் வீட்டில் கருவிகள் தோலுறையில் உறங்குவதில்லை. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிகா ஜெல் பையோடு வைக்கிறோம். மருந்துப் புட்டியில் வரும் சிறு பொட்டலம் போதாது; கையளவாவது வேண்டும். நிறம் மாறும் வகையை வாங்கினால், நீலம் வெளுத்து இளஞ்சிவப்பாகும்போது சூடேற்றி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். கடற்கரையிலிருந்து திரும்பியதும் உப்புப் படிந்த வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் நன்றாகக் காயவிட்ட பிறகே பெட்டியில் இடுகிறோம். வில்லையில் மணல் இருந்தால் முதலில் காற்றை ஊதும் ரப்பர் குமிழால் ஊத வேண்டும், அடுத்து மென்தூரிகை, கடைசியாகத்தான் அதற்கென்றுள்ள மெல்லிய துணி. சட்டை நுனியாலும் முந்தானையாலும் துடைப்பது மணல்தாள் கொண்டு தேய்ப்பதற்குச் சமம். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போவதும் ஆகாது.

நம் பேத்தியிடம் 8×42 இருக்கிறது. ஆனால் பிறை பார்க்கும் நாளில் அவள் கேட்பது அந்தப் பழைய 7×50-ஐத்தான். இடக்கண்ணை மூடிக்கொண்டு, தெளிந்த வலக்குழல் வழியே பார்க்கிறாள்.