தொண்டு பெற்றவர் கேட்ட கேள்விகள்

தொண்டு செய்தவர்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் ஏராளம். தொண்டைப் பெற்றுக்கொண்டவர் என்ன நினைத்தார் என்று விசாரித்து எழுதியவர்கள் சொற்பம். கை நீட்டி வாங்கியவருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு என்பது பலருடைய நினைவில் வருவதேயில்லை. எபினே-சூர்-செய்ன் நகரில் வசிக்கும் சங்க அங்கத்தவர் ஒருவருக்கு அது அனுபவத்தில் தெரிந்த விஷயம். இந்த வருடம் அவருடைய வீட்டில் எழுந்த ஒரு விவாதத்தில் அந்த அனுபவந்தான் கைகொடுத்தது. வேறு பல வீடுகளிலும் எழக்கூடிய விவாதம் ஆகையால், பெயர் தவிர்த்து அது இங்கே தரப்படுகிறது.

அவர் வடமராட்சியிலிருந்து 1986 இல் பாரிசுக்கு வந்தவர். வந்த புதிதில் வடக்குப் புகையிரத நிலையத்துக்கு அருகே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். பிரெஞ்சில் "வணக்கம்", "நன்றி" என்ற இரண்டு சொற்களுக்கு மேல் தெரியாது. அரசாங்க அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் அதை எடுத்துக்கொண்டு லா சப்பலுக்குப் போய், வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிக் காத்து நிற்பார். அந்த நாட்களில் இரண்டு விதமான தொண்டர்கள் அவரிடம் வந்தார்கள்.

ஒரு குழுவினர் குளிர்காலத்தில் ஒரு நாள் வந்து, பழைய மேலங்கிகளையும் சப்பாத்துகளையும் கொடுத்து, வாங்கியவர்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். உடுப்பு நல்ல உடுப்புத்தான். ஆனால் அந்தப் படத்துக்கு நின்ற கூச்சம் நாற்பது வருடமாகியும் அவருக்கு மறக்கவில்லை. மற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. சனிக்கிழமை தோறும் ஒரு சிறிய அறையில் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் அவர் பாடம் நடத்தவேயில்லை. ஒவ்வொருவருடைய பெயரையும் கேட்டு, நாக்குப் புரளும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினார். மூன்று குளிர்காலம் ஒரு சனிக்கிழமையும் தவறாமல் வந்தார். நான்காம் வருடம் அவருக்கு இயலாமல் போனபோது, அவரிடம் படித்த ஒருவரே புதிதாக வந்தவர்களுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கினார்.

இதுதான் தொண்டு பற்றி அந்த அங்கத்தவருக்குக் கிடைத்த படிப்பு.

அவருடைய இளைய மகளுக்கு இப்போது இருபத்துநான்கு வயது. பிறந்ததும் படித்ததும் பிரான்சில். சுற்றாடல் விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றவள். இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாள், பசிபிக் சமுத்திரத்தில் உள்ள வனுவாட்டு என்ற நாட்டுக்கு ஒரு வருடத் தொண்டராகப் போக விரும்புவதாகச் சொன்னாள். அங்கே ஒரு தீவுக் கிராமத்தின் பாடசாலையில் பிரெஞ்சில் பாடம் சொல்லவும், கரையோரத்தில் ஊர்மக்கள் செய்யும் கண்டல் நடுகையில் உதவவும் ஆள் கேட்டிருக்கிறார்கள்.

வனுவாட்டு 1980 இல் சுதந்திரம் பெறும்வரை பிரித்தானியாவும் பிரான்சும் சேர்ந்து ஆண்ட நாடு. ஆகையால் இன்றும் ஆங்கிலப் பாடசாலைகளும் பிரெஞ்சுப் பாடசாலைகளும் அங்கே அருகருகே நடக்கின்றன. பிரான்சிலிருந்து இப்படிப் போகிறவர்களுக்கு 2005 பெப்ரவரியில் இயற்றப்பட்ட ஒரு சட்டம் உண்டு. அதன்படி தொண்டருக்குச் சம்பளம் இல்லை. சீவனத்துக்கு ஒரு படியும் வைத்தியக் காப்புறுதியும் உண்டு. அனுப்பும் ஸ்தாபனம் புறப்படுமுன் பயிற்சி கொடுக்கவேண்டும். ஒரு பணி இரண்டு வருடத்தைத் தாண்டக்கூடாது.

தாய்க்கு இது எதுவும் காதில் ஏறவில்லை. "கலியாணம் பேசிற நேரத்திலை தெரியாத தீவுக்கு என்ன பயணம்?" என்றார். பிறகு, உண்மையில் மனத்தில் கிடந்ததைக் கேட்டார்: "பள்ளிக்கூடம் எங்கடை ஊரிலை இல்லையோ? கடல் இல்லையோ? முல்லைத்தீவிலை போய் ஒரு வருசம் படிப்பிச்சால் என்ன?"

மகள் கோபிக்கவில்லை. "போகலாம் அம்மா. ஆனா எனக்குத் தமிழ் வாசிக்க வராது. அங்கை போய் என்னத்தைப் படிப்பிக்கிறது?" என்றாள்.

அந்த வீட்டில் அன்று இரவு அதற்குமேல் பேச்சு நடக்கவில்லை. தகப்பனார் சனி ஞாயிறு எல்லாம் உணவகத்தில் நின்றவர். பிள்ளையைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போக அந்த வீட்டில் ஆள் இருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில் தகப்பனார் மகளிடம், "அந்தப் பக்கத்திலை எங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார். வனுவாட்டுவில் இல்லை, ஆனால் அடுத்த நாடான பிஜியில் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறார்கள் என்றாள் மகள். பிஜிக் கரும்புத் தோட்டத்தில் இந்துப் பெண்கள் பட்ட துயரைப் பாரதியார் பாடியது அவருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். அதற்குப் பிறகு அந்த மக்களுக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும் தெரியாது. ஆகவே தேடி வாசித்தார். அவர் வாசித்து அறிந்ததன் சுருக்கம் இது.

1879 முதல் 1916 வரை அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. அப்படிப் போன தென்னிந்தியர் ஏறக்குறைய பதினைந்தாயிரம் பேர். 1915 இல் சி.எஃப். ஆன்ட்ரூஸ் என்ற ஆங்கிலேயப் பெரியார், பியர்சன் என்ற நண்பருடன் அங்கே போய், தொழிலாளரின் லயங்களைக் கண்ணால் பார்த்து அறிக்கை எழுதினார். ஒப்பந்த முறையை ஒழிக்கும் போராட்டத்துக்கு அந்த அறிக்கை பெரும் பலமாயிற்று. 1920 ஜனவரி முதலாம் தேதியோடு எஞ்சிய ஒப்பந்தங்களும் ரத்தாயின. ஆன்ட்ரூஸ் ஒருமுறை போய்ப் பார்த்ததோடு நிறுத்தவில்லை. 1917 இலும் 1936 இலும் மறுபடி போனார்.

கூலி முறை ஒழிந்தாலும் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. தென்னிந்தியர் தாங்களே 1926 இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் என்ற ஸ்தாபனத்தை நாந்தி என்ற ஊரில் தொடங்கினார்கள். தொடங்கிய சாது குப்புசுவாமி, தாமே கூலியாகப் போனவர். அந்தச் சங்கம் இராமகிருஷ்ண மிஷனிடம் உதவி கேட்டது. 1937 இல் சுவாமி அவிநாசானந்தரும், 1939 இல் சுவாமி ருத்ரானந்தரும் பிஜிக்குப் போனார்கள். 1949 இல் நாந்தியில் விவேகானந்தர் பெயரால் ஓர் உயர்நிலைப் பாடசாலை எழுந்தது. ருத்ரானந்தர் பாடசாலையோடு நிற்கவில்லை. 1943 இல் கரும்பு விவசாயிகள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றார். காலனி அரசாங்கம் அவருடைய நடமாட்டத்துக்கே தடை விதித்தது. அப்படியும் அவர் திரும்பிப் போகவில்லை. பல பத்தாண்டுகள் அந்த மண்ணிலேயே பணி செய்தார்.

இதில் தகப்பனாரைப் பிடித்து நிறுத்திய விஷயம் ஒன்று. சுவாமிகள் தாமாக வந்து இறங்கவில்லை. அங்குள்ள மக்கள் சங்கம் அமைத்துக் கேட்ட பிறகே வந்தார்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு பாடசாலைகள் மூடப்படவில்லை. இன்று அந்தச் சங்கம் பல ஆரம்பப் பாடசாலைகளையும் உயர்நிலைப் பாடசாலைகளையும் நடத்துகிறது. பிஜியின் பூர்வகுடிப் பிள்ளைகளும் அவற்றில் பெருந்தொகையாகப் படிக்கிறார்கள். உதவி வாங்கிய மக்கள் உதவி கொடுப்பவர்களாகி விட்டார்கள்.

ஆனால் இன்னொரு விஷயத்தையும் அவர் மறைக்காமல் மனைவியிடம் சொன்னார். அத்தனை பாடசாலை எழுந்தும் பிஜித் தமிழர் வீடுகளில் தமிழ் நிலைக்கவில்லை. நாந்தியில் முருகனுக்குப் பெரிய கோயில் இருக்கிறது. வாசலில் நிற்கும் பெரும்பாலான தமிழ் வம்சத்தார் பேசுவது பிஜி இந்தி. வீட்டில் பேசாத பாஷையைச் சுவாமிகளாலும் காப்பாற்ற முடியவில்லை.

இனி வனுவாட்டு மக்களைப் பற்றி. ஏழைத் தீவார், யாராவது போய்க் கரையேற்ற வேண்டும் என்று நினைப்பவர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. அந்த நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட சொந்தப் பாஷைகள் வழங்குகின்றன. 2015 மார்ச்சில் பாம் என்ற சூறாவளி அந்தத் தீவுகளை நாசமாக்கியது. 2023 மார்ச்சில் சில நாட்களுக்குள்ளேயே இரண்டு சூறாவளிகள் வந்தன. அப்படிப்பட்ட இடத்தில், 2019 இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர் 27 பேர், பூமி வெப்பமாவதைத் தடுக்க அரசுகளுக்குச் சட்டப்படி கடமை உண்டா என்று உலக நீதிமன்றத்தைக் கேட்கவேண்டும் என்று கிளம்பினார்கள். வனுவாட்டு அரசாங்கம் அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை ஒருமனதாக அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025 ஜூலை 23 ஆம் தேதி, கடமை உண்டு என்று நீதிமன்றம் அபிப்பிராயம் கூறியது. இப்படி உலகத்துக்கே பாடம் சொன்னவர்களிடம் போகிறவர், கற்கவும் தயாராகப் போகவேண்டும்.

கண்டல் மரம் நடுவதிலும் இதே கதைதான். கண்டலின் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிடும். விழுந்து சேற்றில் ஊன்றிக்கொள்ளும். வேர்கள் சேற்றைப் பிடித்து, அலையின் வேகத்தைத் தணித்து, மீன் குஞ்சுக்கும் நண்டுக்கும் இடம் கொடுக்கும். நடுவது சுலபம், எந்த இனம், வற்றுப்பெருக்கின் எந்த மட்டம் என்று அறிந்து நடுவதும், பிறகு காவல் பார்ப்பதுந்தான் கஷ்டம். 2004 கடற்கோளுக்குப் பிறகு இலங்கைக் கரைகளில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் கண்டல் நட்டார்கள். 2017 இல் வெளிவந்த ஓர் ஆய்வு 23 இடங்களைப் பார்த்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூடத் தப்பவில்லை. மொத்தத்தில் உருப்பட்டது சுமார் 200 ஹெக்டேர். பொருத்தமற்ற இடத்தில் நட்டதும், நட்டபின் திரும்பிப் பார்க்க ஆள் இல்லாததும் முக்கிய காரணங்கள். கோயில் வீதியில் உழவாரப் பணி செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புல் ஒரு நாள் செதுக்கினால் போதாது.

இவ்வளவையும் வாசித்தபின் தகப்பனார் மகளை இருத்தி நான்கு கேள்வி கேட்டார். உன்னைக் கூப்பிட்டது ஆர், அந்த ஊர்ச் சனமோ அல்லது பாரிசிலை இருக்கிற கந்தோரோ? எவ்வளவு காலம் நிற்பாய்? அவர்களுடைய பாஷையை எப்போது படிக்கப்போகிறாய்? நீ திரும்பின பிறகு அந்த வேலையைச் செய்யப்போகிறது ஆர்?

முதலாவதற்கும் இரண்டாவதற்கும் மகளிடம் பதில் இருந்தது. கிராமசபையின் கடிதத்தைக் காட்டினாள். மூன்றாவதற்கு, அங்கே எல்லோருக்கும் பொதுவான பிஸ்லாமா என்ற பாஷையைப் புறப்படுமுன்பே படிக்கத் தொடங்கியிருப்பதாகச் சொன்னாள். நான்காவதற்குப் பதில் இல்லை. ஸ்தாபனத்துக்கு எழுதிக் கேட்டாள். அங்குள்ள இளம் ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்தே எல்லா வேலையும் செய்யவேண்டும், ஒரு வருடத்தின் பின் அவரே பொறுப்பு என்று பதில் வந்தது. தகப்பனார் சம்மதித்தார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்.

தாயின் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. முல்லைத்தீவுக்கு யார் போவது என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் வனுவாட்டுவில் இல்லை. பாரிஸ் வீடுகளில் இருக்கிறது. மகள் புறப்படுமுன் தினமும் அரை மணித்தியாலம் தமிழ் எழுத்துப் படிக்கவேண்டும் என்று தாய் கேட்டார். பிஸ்லாமாப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இப்போது ஆண்டு ஒன்றுத் தமிழ்ப் புத்தகமும் கிடக்கிறது.

சங்க அன்பர்களின் பிள்ளைகள் நாளை இதுபோல் தூர தேசத்துத் தொண்டுக்குப் போகக் கேட்டால், பயத்தினால் மறுக்கவும் வேண்டாம், பெருமையினால் உடனே அனுப்பவும் வேண்டாம். அந்தத் தகப்பனார் கேட்ட நான்கு கேள்விகளையும் கேளுங்கள். அதே கேள்விகளை, சங்கத்தின் பெயரால் ஊருக்கு உதவி அனுப்பும்போதும் கேட்டுக்கொள்வது நல்லது.