ஏரியும் ஓர் அமானிதம்



மிச்சிகன் ஏரிக்கரையில் குளிர்காலம் நெருங்கிவிட்டால் படகு வைத்திருப்போருக்குக் கவலை பிறந்துவிடும். படகினுள் பொருத்தப்பட்ட எஞ்சின், ஏரி நீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது. அந்நீர் உள்ளே தங்கி உறைந்தால், ஏறத்தாழ 9 விழுக்காடு விரிந்து இரும்பையே பிளந்துவிடும். ஆதலால் நீரை வடித்துவிட்டு, உறைதடுப்புத் திரவத்தைச் செலுத்துவார்கள்.

எத்திரவத்தை என்பதே கேள்வி. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. நக்கும் நாயும் பூனையும் மாண்டுபோகும். வசந்தத்தில் எஞ்சினை முடுக்கியதும் அத்திரவம் வெளியே பாயும். ஆகவே, நச்சுத்தன்மை மிகக் குறைந்த புரொப்பிலீன் கிளைக்காலையே வாங்குமாறு என் மகனை வற்புறுத்துகிறேன். அதையும் ஏரியில் விடாது, கலத்தில் பிடித்து அகற்றச் சொல்கிறேன்.

படகு நம் உடைமை. ஏரியோ அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நம் பொருளைக் காக்க, வாயில்லா உயிர்களை வதைக்கலாகுமா? சிந்திப்போமாக!